இன்வெர்ட்டர் அரியணையும் இளம்பச்சைச் சுவரும்

அரபிக்கடல் அலைகளே, உங்கள் இரைச்சலைச் சற்றே அடக்குங்கள்! குளச்சல் சந்தைக் காக்கைகளே, மீன்குடலை அப்படியே வைத்துவிட்டு ஓரம் ஒதுங்குங்கள்! இதோ வருகிறான் கட்டுமரக்காரர் சூசையின் தலைமகன்; கரிப்புகையைப் பிடித்து எரிபொருளாக்கும் வித்தை கற்றவன்; பிளாட்டினம் பார்க்கிற வேலையைத் துருப்பிடித்த இரும்பிடம் வாங்கிவிடும் வினையூக்கி வேந்தன்; கேமராவில் இடுப்புக்குக் கீழே தெரியாது என்ற துணிவில், கழுத்தில் டையும் இடுப்பில் கைலியுமாகப் புறப்பட்ட முனைவர் ரெஜின்!

இரண்டாயிரத்து ஒன்பது, அக்டோபர் மாதத்துக் கடைசி வெள்ளி. டாக்டர் பட்டம் வாங்கின பிறகும் இன்னொருவர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடம் ஆராய்ச்சிப் பாடு படுகிற ஒரு வேலை ஜெர்மனியில் இருந்தது. பூமியைக் கெடுக்காத வினையூக்கி சமைக்கிற வேலை. அவன் போட்ட மனுக்களில் பதில் வந்தது அது ஒன்றுக்குத்தான். அங்கே பகல் பதினொன்றரைக்கு, அதாவது நமக்கு மூன்று மணிக்கு, பேராசிரியர் ஸ்கைப்பில் பேசுவார். இது கைவிட்டுப் போனால் மாமாவுடைய ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்க நிற்கவேண்டியதுதான். மாமா ரப்பர் பூட்ஸ்கூட வாங்கி வைத்துவிட்டார்.

இரண்டிலிருந்து நாலு வரை ஊருக்கே கரண்டு கிடையாது. அந்த இருண்ட வேளையிலும் ஒளி உமிழ்வது பேபி அண்ணனின் நெட் சென்டர் ஒன்றே; அங்கும் இன்வெர்ட்டரின் வலிமை ஒரேயொரு கம்ப்யூட்டரை மட்டும் தாங்கும். ஆகவே அந்த நாற்காலி நாற்காலியன்று, அரியணை! ஆனால் அணுவின் உள்ளே நடப்பதெல்லாம் அறிந்த நம் தலைவன், குளச்சலில் கைக்குழந்தைக்கும் தெரிந்த ஒன்றை மறந்துபோனான்: வெள்ளிக்கிழமை கல்ஃபில் லீவு.

அரியணையில் வீற்றிருந்தாள் டெல்சி. புதுவீட்டு முன்சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று சவுதியில் தம்மாமில் இருக்கும் கணவன் சிலுவைதாசனிடம் கேட்க, பெயிண்ட் அட்டையைக் கேடயம்போல் கேமராவுக்கு முன்னே ஏந்தியிருந்தாள். பின்னால் அணிவகுத்து நின்றது அண்டைவீட்டுப் பெண்படை.

"எல்லாம் நீலமாட்டுத்தான் இருக்கு டெல்சி" என்றான் திரைக்குள்ளிருந்து சிலுவைதாசன்.

"அய்யோ, இது ரோஸ்லா! கண்ணாடி போட்டுப் பாரும்."

"அக்கா, எனக்கு மூணு மணிக்கு இன்டர்வியூ. கொஞ்சம் எந்திரிங்க."

"இருடே மக்கா. வீடு ஒருக்காத்தான் கெட்டுவாவ. உனக்கு வேலை வேறையும் வரும்."

"வராதுக்கா!"

கரைமடி வலை இழுக்கையில் ஒருபுறம் நாற்பது பேரும் மறுபுறம் கடலும் நின்று மல்லுக்கட்டுவதுபோல், ஒருபுறம் ஜெர்மனியும் மறுபுறம் தம்மாமும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைப் பற்றி இழுத்தன. நாளெல்லாம் நின்றே உழைத்து நின்றபடியே சோறு உண்ணும், சந்தையில் சுமை தூக்கும் சுமட்டுக்காரர் இரண்டுபேர், உட்காருவதற்கா இத்தனை பெரிய யுத்தம் என்று வாசலில் நின்று வியந்தனர். தான் தேயாமல் பிற வினையை விரைவாக்குவது வினையூக்கியின் இலக்கணம். நம் வேந்தனோ ஒன்றையும் விரைவாக்காமல், தான்மட்டும் தேய்ந்துகொண்டிருந்தான். டை நனைந்தது. கைலி நெகிழ்ந்தது. "மஞ்சள்!" என்று முழங்கினாள் பெண்படையிலிருந்து நேசமணி. "மஞ்சள்னா சர்ச்சு மாதிரி இருக்கும்ட்டி" என்று எதிர்முழக்கம் எழுந்தது. கடிகார முள் மூன்றை நோக்கி ஊர்ந்தது.

அப்போதுதான் அது நிகழ்ந்தது. தூண்டிலில் விழுந்த சூரைமீனைப்போல் துள்ளி எழுந்த ரெஜின், அட்டையைப் பறித்து, அதை ஏறிட்டும் பாராமல், ஏழுகடலும் கேட்கப் பிரகடனம் செய்தான்:

"இளம்பச்சை! வெயில் தாங்கும், உப்புக்காத்து தாங்கும், அழுக்கு தெரியாது! இளம்பச்சைதான்!"

திரை அதிர்ந்தது. "யாருடே அது?"

"நம்ம சூசை மாமாக்க மகன். கெமிஸ்ட்ரியில டாக்டர்."

"டாக்டரு சொன்னா சரியாத்தான் இருக்கும். அதையே அடி."

டெல்சி எழுந்தாள்! பெண்படை பிளந்து வழிவிட்டது! டையை நேராக்கி, கைலியை இறுக்கி, அரியணை ஏறினான் ஆய்வுலக அரிமா. மணி சரியாக மூன்று. பேராசிரியர் பெயருக்குப் பக்கத்திலோ பச்சை விளக்கு எரியவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடமும் போயிற்று. ஐஸ் கம்பெனி ரப்பர் பூட்ஸ் மனக்கண்முன் எழுந்து நின்றது.

கடைசியில் பேபி அண்ணன்தான் எட்டிப் பார்த்து, "அவனுவளுக்கு இப்போ மணி என்ன, அதை நெட்டுல பாருடே" என்றார். பார்த்தான். அங்கே பத்து நாற்பது; பதினொன்றரைக்கு இன்னும் ஐம்பது நிமிடம் கிடந்தது. குளிர்காலம் வந்தால் ஊரோடு கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னால் திருப்பிவைப்பது வெள்ளைக்காரன் வழக்கமாம். போன ஞாயிறுதான் திருப்பினார்களாம். குளச்சலிலோ பள்ளிக்கூட மணியைக்கூட யாரும் பின்னால் திருப்பியதில்லை.

"அப்போ எந்திரி மக்கா," என்றாள் டெல்சி, "கதவுக்கும் நிறம் பாக்கணும்."

குருதி சிந்தி வென்ற கோட்டையை அன்றே திருப்பிக் கொடுக்கும் மாமன்னன்போல் எழுந்தான் ரெஜின். சுமட்டுக்காரரும் காக்கைகளும் சாட்சியாக நிற்க, அரபிக்கடல் மறுபடி இரையலாயிற்று.

நாலு மணிக்குக் கரண்டு வந்தது, பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பேசினான், வேலை கிடைத்தது.