மக்கி என்றால் மகன்

உலகத்தில் உள்ள எழுத்து அத்தனையும் எனக்கு வாசிக்கத் தெரியும். சரி, கொஞ்சம் தாராளமாகச் சொல்லிவிட்டேன். தமிழ், இங்கிலீஷ், சலவைக்குப் போன வேட்டியின் ஓரத்தில் இருக்கும் டோபிக் குறி, இந்த மூன்றும் தெரியும். அதிலும் மூன்றாவதில்தான் நான் புலி. ஆனால் என் பெருமை வெறும் தும்மல். முழுக் காய்ச்சல் கண்ட ஓர் இனத்தைப் பற்றி அல்லவா உங்களுக்குச் சொல்ல வந்தேன்!

அந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் மூலக்காரர். முகம் சுளிக்க வேண்டாம். உட்கார விடாமல் படுத்தும் அந்த மூலம் இல்லை. அதற்கு வைத்தியம் இருக்கிறது. இது எதிரில் உட்கார்ந்தவரை எழுந்திருக்க விடாத மூலம். எந்தச் சொல்லைக் கேட்டாலும், எந்த எழுத்தைக் கண்டாலும், அதன் மூலம் நம் ஊர்தான் என்று நிரூபிக்காமல் இவர்களுக்குச் சோறு இறங்காது. அமெரிக்காவில் எடிசன் ஊர்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கும்போதும், பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலுக்குக் குளிரில் நடுங்கும்போதும், யாராவது பிள்ளை பெற்றதை விசாரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும், கக்கத்தில் ஆபீஸ் மெஷினில் எடுத்த ஜெராக்ஸ் கட்டு இருக்கும். வழிமுறை எளிது: சொல்லின் தலையை வெட்டு, வாலை நறுக்கு, நடுவில் மிஞ்சுவது தமிழ். யாராவது சந்தேகப்பட்டால் ஒற்றைப் புருவத்தைத் தூக்கி, "தற்செயலா?" என்பார்கள். அவ்வளவுதான். எதிராளி காலி.

தேடிக்கொண்டு எங்கேயும் போக வேண்டாம். எனக்கு மாப்பிள்ளையாகவே ஒருவர் வாய்த்தார். நஞ்சுண்டன். கோபிசெட்டிபாளையத்துக்காரர்; கால் நூற்றாண்டாக நியூஜெர்சியில் மருந்துக் கம்பெனி வேலை; பிளெய்ன்ஸ்பரோவில் வீடு. தங்கமான மனிதர். மாத்திரையில் ஒரு மில்லிகிராம் கூடிவிட்டால் மொத்தச் சரக்கையும் நிறுத்தி வைப்பார். சொல்லில் நாலு எழுத்து காணாமல் போனாலோ கண்டுகொள்ளவே மாட்டார். பக்கத்து ஊர் மெட்டூச்சன் அவருக்கு மேட்டுச் சந்தை. ஆற்றங்கரை ஊரான ஹோபோக்கன், சித்தர் போகர் வந்து இறங்கிய துறை. அங்கே எதற்கு வந்தார் போகர் என்று ஒரு தடவை கேட்டேன். "அதைத்தான் அத்தை ஆராயணும்," என்றார்.

இந்த இனத்தாரின் மூக்குக்கு பிரியாணி வாசம் போன்றது ஒரு வாக்கியம்: 'இது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.' அது காதில் விழுந்துவிட்டால் அப்புறம் வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

தொண்ணூற்றேழாம் வருஷம் என் பேத்தி தென்றல், பிரெண்டன் என்ற பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். அயர்லாந்தில் பிறந்து மன்ஹாட்டனில் வேலை பார்க்கும் பையன். நஞ்சுண்டன் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை, மதத்தைப் பற்றிப் பேசவில்லை. "யாரு மகன், எந்தக் கூட்டம்னு ஊர்ல கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?" என்பதோடு நிறுத்திக்கொண்டார். எங்கள் பக்கத்தில் கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எல்லாம் அண்ணன் தங்கை, கல்யாணம் ஆகாது. நஞ்சுண்டன் காடைக் கூட்டம். என் மகள் சாந்தாமணி பிறந்தது ஆந்தைக் கூட்டம். இவற்றைத் தவிர வேறு பறவை எதுவும் இந்தக் கதையில் வராது. இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தென்றல் சண்டை போடவில்லை. அப்பா சரி சொல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று அம்மிச்சியான என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பையனை அழைத்து வந்தாள். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்வதற்காக மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையோடு காத்திருந்தார்.

பையன் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ. அவன் அப்பாவின் வயலில் நிற்கும் ஒரு கல்லை, கல் மட்டும் தெரிகிற மாதிரி நெருங்கி எடுத்தது. கீழ் மூலையில் ஏதோ கறுப்புத் திட்டு. பாசியாக்கும் என்று நினைத்தேன். கல்லின் ஓரம் நெடுக அரிவாளால் கொத்தியதுபோல் கீறல்கள். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் மூன்று, குறுக்கே நாலு. டோபிக் குறியேதான்.

எழுத்து என்றான் பையன். ஆயிரத்தைந்நூறு வருஷப் பழசு. ஐந்தைந்தாக நான்கு கட்டு, ஆக இருபது எழுத்து. சில எழுத்துகளுக்கு மரங்களின் பெயர். கல்லின் ஓரத்தில் கீழே தொடங்கி மேலே ஏறிப் படிக்க வேண்டும். கதை, கவிதை என்றெல்லாம் கல்லில் வெட்டவில்லை. பெரும்பாலும் ஆள் பெயர்தான். சமாதிக் கல்லாக இருக்கலாம், இது இன்னார் நிலம் என்று சொல்லும் எல்லைக் கல்லாகவும் இருக்கலாம். லத்தீன் தெரிந்த எவரோ உண்டாக்கினார் என்கிறார்கள் சிலர்; அடுத்தவனுக்குப் புரியக் கூடாதென்று செய்த ரகசிய எழுத்து என்கிறார்கள் சிலர்; ஆடு எண்ணக் கோலில் வெட்டிய கணக்கிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. உண்மையில், என்று இழுத்து, அந்த வாக்கியத்தைச் சொல்லியே விட்டான் பாவி. யாருக்கும் தெரியாது.

மாப்பிள்ளையின் கையிலிருந்த அப்பளம் நொறுங்கியது.

எழுத்தின் பெயர் என்ன என்றார். ஓகம் என்றான். "யோகத்தைத் தூய தமிழ்ல ஓகம்னுதான் சொல்லுவோம்," என்று புருவத்தைத் தூக்கினார். இந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது? பெயர்களை மழை தின்றுவிட்டது. இரண்டு சொல்தான் மிச்சம் என்றான். ஒன்று 'மக்கி'. மகன் என்று அர்த்தம். இன்னொன்று 'முக்கோய்'. இன்ன குலத்தைச் சேர்ந்தவன் என்று அர்த்தம்.

"மக்கி, மகன். தற்செயலா?"

எனக்கு எருக்குழியில் மக்குகிற சாணம்தான் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை எழுந்தே நின்றுவிட்டார். முக்கோய் என்பது மூக்காயி, மூக்காயி மகன், இன்னார் மகன், இன்ன கூட்டம், நாம் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிப்பதும் இதுதானே, என்று பையனின் கையைக் குலுக்கி, அவன் தட்டில் நாலு வடையை வைத்தார். தென்றலின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது.

அங்கே நிறுத்தியிருக்கலாம் அல்லவா? மூலக்காரர் எங்கேயாவது நிறுத்தி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பூதக்கண்ணாடி வந்தது. முக்கோய்க்குப் பக்கத்தில் மூன்று கீறல் ஒரே இடத்தில் கூடி நின்றன. எழுத்தோ, கல்லின் விரிசலோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"இது பறவைக் கால். காடையோட கால். அத்தை, இந்தத் தம்பி காடைக் கூட்டம். நம்ம கூட்டம்."

பாயசத்தோடு வந்த சாந்தாமணி நின்ற இடத்திலேயே நின்றாள். "அப்படின்னா இந்தத் தம்பி தென்றலுக்கு அண்ணன் முறை ஆகுதுங்களே."

மாப்பிள்ளை மெல்ல உட்கார்ந்தார். கூட்டம் தெரியாது என்பதால் வேண்டாம் என்று சொல்ல இருந்தவர், இப்போது கூட்டம் தெரிந்துவிட்டதால் வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நிலை. பாவம், அவருக்கே பிடிக்கவில்லை. வடையைத் திரும்ப எடுக்கலாமா என்பதுபோலத் தட்டைப் பார்த்தார்.

"அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ ராக்," என்றாள் தென்றல்.

"ஆதாரம்னா ஆதாரந்தான் கண்ணு."

அப்போதுதான் நான் கவனித்தேன்: அவர் படத்தைத் தலைகீழாக வைத்திருந்தார். பெரியவர்கள் எதற்கு இருக்கிறோம்? "மாப்பிள்ளை, கீழிருந்து மேலே ஏறுற எழுத்துன்னு தம்பி சொல்லுச்சே. நீங்க தலைகீழாப் புடிச்சிருக்கறீங்களாட்ட இருக்குது," என்று படத்தை வாங்கி நேராக்கினேன். அவ்வளவுதான் நான் செய்தது. பாசி மேல் மூலைக்குப் போயிற்று. காடைக் கால் விறைத்துக்கொண்டு நின்றது: இரண்டு பக்கமும் இரண்டு காது, நடுவில் ஒரு மூக்கு.

பிரெண்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மேஜைக்கு அடியில் தென்றல் அவன் காலை மிதித்தது எனக்குக் கேட்டது.

"ஆந்தை," என்றார் மாப்பிள்ளை. நான் சொல்லவில்லை, அவரேதான் சொன்னார். "சாந்தா, உங்க கூட்டம். மாமன் வீட்டுப் பையன். முறை மாப்பிள்ளையே வந்திருக்கறாரு." தட்டில் ஐந்தாவது வடை விழுந்தது.

தை மாதம் கல்யாணம். கல்லின் படம் சட்டம் போட்டு, காது இரண்டும் மேலே பார்க்க, இன்றைக்கும் அவர்கள் வீட்டு டிவிக்கு மேலே இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். இங்கிலீஷ் 'கேட்டமரான்' நம் கட்டுமரம்தான் என்று எந்த வெள்ளைக்காரரிடமாவது சொல்லும்போது, அந்த மரத்தை நீங்களே கட்டியதுபோல் ஒரு அங்குலம் உயரவில்லையா? அது உண்மைதானே என்பீர்கள். உண்மைதான், காய்ச்சல் அப்படித்தான் ஆரம்பிக்கும். இப்போது வாசிக்கையில் 'மக்கி, மகன்... ஒருவேளை இருக்குமோ' என்று ஓரமாக ஒரு தடவை நினைத்தீர்களா? புருவத்தைத் தொட்டுப் பாருங்கள். எனக்கு அந்தத் தொற்று கிடையாது. நான் படத்தை நேராக்கியதோடு சரி.

இதுவரை எழுதியதைப் போன ஞாயிற்றுக்கிழமை தென்றல் தன் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷில் வாசித்துக் காட்டினாள். மூன்று வருஷத்தில் பையன் சாந்தாமணியிடம் தமிழ் பழகியிருக்கிறான். 'ங்க' போடாமல் வாக்கியத்தை முடிக்க மாட்டான். கடைசிவரை கேட்டுவிட்டு, எழுந்து போய், டிவிக்கு மேலே இருந்த படத்தை எடுத்து மெதுவாகத் திருப்பி வைத்தான்.

"அம்மிச்சி, மாமா அன்னைக்கி சரியாத்தான் புடிச்சிருந்தாருங்க. இந்த மூலைல இருக்கறது பாசி இல்லீங்க, எங்கப்பாவோட பூட்ஸுங்க. அவரு தரையிலதான் நின்னுட்டு இருந்தாருங்க."