என் வெள்ளைச் சட்டையில் விழுந்த கோழி

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் எழுதுவது. உன் அண்ணி நலம், நான் உயிரோடு இருக்கிறேன். அங்கே உன் வீட்டார் அனைவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நீ வாங்கிக் கொடுத்த புரொஜக்டரை என் போனோடு இணைத்து இன்று வகுப்பில் வைத்தேன். "சுவத்துல ஒரு தப்பான படம் வந்துச்சுன்னா பெட்டி நேரா குடோனுக்குப் போயிடும் சார்" என்று தலைமையாசிரியை முன்கூட்டியே சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். வீடியோவை வீட்டிலேயே முழுசாகப் பார், அடுத்தது தானாக ஓடுவதை நிறுத்து, ஓரத்தில் வரும் வேறு படங்கள் பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். முழுசாகப் பார்த்தேன். முட்டையிலிருந்து குஞ்சு வருவதைக் கண் கலங்க மறுபடி மறுபடி பார்த்ததில், நிறுத்த வேண்டியதை நிறுத்த மறந்துவிட்டேன். ஓரத்துப் படங்களை மறைக்கச் சுவரில் வெள்ளை சார்ட் பேப்பர் ஒட்டினேன். வெளிச்சம் அதன் மேலும் விழும் என்று, இத்தனை வருஷம் ஒளியைப் பாடமாக நடத்தியவனுக்குத் தோன்றவில்லை பார். மங்கிய சுவரைவிட அதில்தான் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நல்லவேளை, யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

முட்டை ஓட்டில் ஒரு விரிசல். உள்ளேயிருந்து துளியூண்டு அலகு. தம்பி, அந்த வகுப்பு வாயை மூடி நான் கண்டதே இல்லை. "தள்ளு, இன்னும் கொஞ்சம் தள்ளு" என்று ஒரு பெண் குஞ்சுக்குத் தைரியம் சொன்னாள். ஈரமாக, தலை நிற்காமல், அது வெளியே வந்து விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஓர் உயிர் இப்படியா வருகிறது என்று கைகட்டி நின்றேன். நின்றிருக்கக் கூடாது. உன் அண்ணி என் போனில் சமையல் பார்த்த புண்ணியம், அடுத்த வீடியோ தானாக வந்தது: முழுக் கோழியை நொடியில் வெட்டுவது எப்படி. கத்தி ஓங்கிய கை தெரிந்ததும் பாய்ந்துபோய்ச் சுவருக்கு முன்னால் கையை விரித்து நின்றேன். கோழி என் வெள்ளைச் சட்டையில் வெட்டுப்பட்டது. "ஐயோ சார், உங்க வயித்துல!" என்று வகுப்பே அலறியது. தலைமையாசிரியை ஒயரைப் பிடுங்கி, பெட்டியையும் என் போனையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

இனி எனக்குச் சாக்பீஸ் போதும். வீடியோ என்ற பேச்சே வேண்டாம். பெட்டி கைக்கு வந்ததும் உனக்கே பார்சல் அனுப்பிவிடுகிறேன். உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் மனமார்ந்த ஆசிகள்.

இப்படிக்கு,
மானம் போன உன் அண்ணன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது தலைமையாசிரியை அறையிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்து, "தள்ளு, தள்ளு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் எல்லா வகுப்புக்கும் காட்டணும் சார். அந்தக் கத்தி மட்டும் வராம பண்ணத் தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்று சொல்லிவிட்டேன். மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்த வீடியோ தானாக வருவதை எங்கே அழுத்தி நிறுத்துவது என்று உடனே எழுது. எதற்கும் அன்றைக்குக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போகிறேன்.