முருகைக்கல்லுக்கு ஒரு தகரம் கடல்

"இனி எங்கடை வீட்டிலை கடல் இருக்கும்!" என்று யோகலிங்கம் அறிவித்தபோது மனைவி அன்னபாக்கியம் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கனகராயன்குளத்தில் இருந்து கடலைப் பார்ப்பதென்றால் இரண்டு பஸ் ஏற வேண்டும். அவள் நிமிரவேயில்லை.

"எங்கை வைக்கப்போறியள்? குசினியிலையோ, அறையிலையோ?"

"விறாந்தையிலை."

மாற்றலாகிப் போன வீதி வேலை ஓவசியர் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியை இவரிடம் விட்டுப்போயிருந்தார். வினை அங்கேதான் தொடங்கியது. முல்லைத்தீவில் மீன்பிடிக்கும் கூட்டாளி யாக்கோப்பு, கடலடியில் இருந்து பவளப்பாறைத் துண்டான ஒரு முருகைக்கல்லைத் தூக்கிக் கொடுத்தான். எட்டுத் தகரம் கடல் தண்ணீரோடு அது மீன் லொறியில் வந்தது. யோகலிங்கம் அதை ஈரச்சாக்கில் சுற்றி, பிள்ளைத்தாய்ச்சியைக் கைபிடித்து இறக்குவதுபோல இறக்கினார்.

"இது வெறுங்கல்லில்லை, அன்னம். உயிருள்ள கல். இதுக்குள்ளை ஒரு ஊரே குடியிருக்குது."

"ஊரிலை செத்தவீடோ? மணக்குது."

மணந்தது உண்மை. செத்தது அழுகிக் கழியும், மிஞ்சினது வாழும் என்று யாக்கோப்பு முன்னமே சொல்லியிருந்தான். யோகலிங்கம் பத்து நாளும் தும்பால் கல்லைத் தேய்த்தார். தன் முதுகைக்கூட அவர் அப்படித் தேய்த்ததில்லை. பதினோராம் நாள் மணம் போனது. வெற்றிலை போட்ட வாய்போலக் கல்லில் சிவப்புப் படர்ந்தது. நகமளவு நண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. பிறகு ஒரு கடற்பூ மெல்ல விரல்களை விரித்தது. அன்று யோகலிங்கம் தேத்தண்ணீர் குடிக்க மறந்தார்.

வறண்ட சோளகக் காற்றில் தொட்டித் தண்ணீர் கிழமைக்கு நாலு விரல் வற்றியது. ஆகவே சனிக்கிழமைதோறும் அவர் தகரத்தோடு முல்லைத்தீவுக்குப் போனார், கடல் எடுக்க. யாக்கோப்பு வீட்டில் சுட்ட மீனும் கள்ளும் இருந்ததை அவர் வீட்டில் சொல்லவில்லை. வாயைத் திறந்தாலே போதும், அதுவே சொல்லியது. மிளகாய்க் கன்றுகளுக்குச் சனிக்கிழமைத் தண்ணீர் அன்னபாக்கியத்தின் தலையில்.

நாலாம் கிழமை பூ சுருங்கியது. நண்டைக் காணவில்லை. தொட்டி விளிம்பில் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது.

"இஞ்சாருங்கோ, குழம்பு வத்தினா உப்புக் கரிக்கும். அதுக்கு மேலை உப்புப் போடுவியளோ, தண்ணி விடுவியளோ?"

"அது கறிச்சட்டி. இது கடல்! கிணத்துத் தண்ணி விட்டால் கல்லுச் செத்துப்போம்."

"ஏன், கடலிலை மழை பெய்யிறேல்லையோ?"

 யோகலிங்கம் குரலை உயர்த்தினார். வேலிக்கு அப்பால் நின்ற பரமலிங்கத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

"பந்தயம், அன்னம்! ஆவணி முடியமுன்னம் பூ விரியாட்டில் தொட்டியை மாட்டுக்குத் தண்ணி வைக்க எடு. விரிஞ்சால், சனிக்கிழமையிலை நான் தண்ணி எடுக்கப் போறதை நீ மறிக்கப்படாது."

"மறிக்கமாட்டன். கல்லுக்கு எந்தத் தண்ணி தேவையோ, அதை எடுக்கப் போங்கோ."

இன்னும் மூன்று சனி போனது. கடல் தகரத்தை விறாந்தையில் இறக்கிவிட்டு வாய்க்காலில் முழுகுவார். வந்து பயபக்தியோடு தொட்டியில் ஊற்றுவார். கடற்பூவுக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்த முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். சோற்றில் மட்டும் அவருக்கு ஓர் ஆறுதல்: தேசிக்காய் ஊறுகாய் அந்த மாதம் அபார ருசி.

ஆவணிக் கடைசி நாள் விடியக் குனிந்து பார்த்தார். நண்டு ஒரு காலை நீட்டியது. பக்கத்தில் பூ! முந்தியதைவிடப் பெரிதாய், ஊதாக் கரையோடு. யோகலிங்கம் போட்ட சத்தத்தில் பரமலிங்கம் வேலி பாய்ந்து வந்தான்.

"பார் தம்பி! கடலையே தோளிலை காவினன். கடல் தண்ணிதான் காப்பாத்தினது!"

"வெண்டிட்டியள் அண்ணை!"

அன்னபாக்கியம் ஊறுகாய்ச் சாடியைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள்.

"உங்கடை கடல் இதுக்குள்ளை இருக்குது."

"என்ன?"

"நீங்கள் முழுகேக்கை மூண்டு சனியும் தகரத்தை மாத்தினனான். கல்லுக்கு ஊத்தினது எங்கடை கிணத்துத் தண்ணி."

"அப்ப கடல்?"

"காய்ச்சி உப்பெடுத்துத் தேசிக்காயிலை போட்டன். ராத்திரியும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டனீங்களே."

யோகலிங்கம் சாடியைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். பூ சந்தோசமாய்த்தான் இருந்தது.

"அப்ப... பந்தயம்?"

"பூ விரிஞ்சுது. வெண்டது நீங்கள்தான். நான் சொல்லு மாறமாட்டன். கல்லுக்குத் தேவையான தண்ணி எடுக்கச் சனிக்கிழமையிலை தாராளமாப் போங்கோ."

அடுத்த சனிக்கிழமை விடிய யோகலிங்கம் வழமைபோலத் தகரத்தைத் தோளில் வைத்துப் புறப்பட்டார். கிணறு இருபதடி தூரம்.

"இஞ்சாருங்கோ, போறதுதான் போறியள், மிளகாய்க் கண்டுக்கும் நாப்பது வாளி ஊத்திவிட்டு வாங்கோ!"