சிவப்புக் குண்டூசி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு, ஜூலை மாதம். தென்னாப்பிரிக்காவின் குரூகர் காட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், சாப்பாட்டு மேசையில் நான் ஒரு சபதம் செய்தேன். இந்த முறை சிங்கத்தை முதலில் பார்ப்பது நான்தான்.

என் மனைவி ஹுனாடி கையிலிருந்த கோழிக்காலைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"போன தடவை கண்ணாடி துடைச்சுக்கிட்டிருந்தேன்."

"அதுக்கு முந்தின தடவை?"

"வரைபடம் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"ஆமா. சிங்கம் ரோட்டுல படுத்திருந்துச்சு. 'சத்தம் போடாதீங்க, வழி பார்க்கிறேன்'னு எங்களை அதட்டினீங்க. நீங்க நிமிர்றதுக்குள்ள அது எழுந்து போயிடுச்சு."

மூத்தவள் மொலோகோ சிரித்தாள். அவளுக்கு வயது பதினைந்து. அந்த வயதில் பெண்களுக்கு அப்பா என்றாலே சிரிப்புதான். இளையவள் மப்புலாவுக்கு ஒன்பது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. என் மேல் நம்பிக்கை வைத்திருந்த கடைசி ஆள் அவள். அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவும்தான் அந்தச் சபதம்.

நான் பொலொக்வானே நகராட்சியில் வரி குமாஸ்தா. வாரத்தில் ஐந்து நாள் வரி. லீவு போட்டுக் காட்டுக்குப் போனால் வரிக்குதிரை. மூன்று பயணத்தில் நானாக முதலில் பார்த்த மிருகம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் மான். வலப்பக்கம் மான், இடப்பக்கம் மான். மான் பார்த்து மான் பார்த்து மானம் போனதுதான் மிச்சம்.

"சரி, சிங்கம் உங்களுக்கு" என்றாள் ஹுனாடி. "எனக்கு ஒண்ணு செய்யுங்க. ஒரே ஒரு மத்தியானம் அந்த ஆத்து வளைவுக்குப் போய் உட்காரலாம்."

"அங்க என்ன இருக்கு? தண்ணி."

"தண்ணிதான். கல்யாணமான புதுசுல நாம பார்த்த தண்ணி."

எழுபத்தொன்பதில் அந்தப் பூங்காவில் எங்களைப் போன்ற கறுப்பர்கள் ராத் தங்குவதற்கு ஒரே ஒரு சின்ன முகாம்தான் விட்டிருந்தார்கள். ஆற்றோரம் ஆறு வட்டக் குடிசை. மின்சாரம் கிடையாது. என் மாமாவிடம் கார் இரவல் வாங்கிக்கொண்டு, கல்யாணம் ஆன மூன்றாம் வாரம் அங்கே போனோம். பக்கத்தில் இருந்த ஆற்று வளைவில் காரை நிறுத்திவிட்டு ஒரு பகல் முழுக்க நீர்யானைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது எல்லா முகாமும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. வெந்நீர் வருகிறது, விளக்கு எரிகிறது. ஆனால் அந்த வளைவுக்கு நாங்கள் திரும்பப் போகவே இல்லை.

"அது முட்டுச் சந்து" என்றேன். "போக ஒரு மணி, வர ஒரு மணி. அங்க சிங்கம் வந்ததா யாருமே சொன்னதில்லை. நேரம்தான் வீண்."

அவள் மறுபடியும் கோழிக்காலை எடுத்துக்கொண்டாள். இத்தனை வருட அனுபவத்தில் அவள் இப்படி வாதாடாமல் விட்டதைப் பார்த்ததும் நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

அடுத்த நாள் முகாமில் போய் இறங்கியதும் குடும்பத்தை வரிசையாக நிற்கவைத்து ஒரு விதி போட்டேன். வரவேற்பு அறைக்கு வெளியே பெரிய வரைபடப் பலகை ஒன்று உண்டு. அன்றன்று எந்த மிருகத்தை எங்கே பார்த்தோம் என்று வருகிறவர்கள் அதில் கலர் கலராகக் குண்டூசி குத்திவிட்டுப் போவார்கள். யானைக்குப் பச்சை. சிறுத்தைக்கு மஞ்சள். சிங்கத்துக்குச் சிவப்பு.

"நம்ம வீட்டுல யாரும் அந்தப் பலகையைப் பார்க்கக் கூடாது" என்றேன். "அது காப்பி அடிக்கிற மாதிரி. நாம காட்டைப் படிப்போம். காலடித் தடம், சாணி, காத்து. எல்லாத்துக்கும் மேல, மோப்பம்."

"யாரோட மோப்பம்?" என்று மொலோகோ கேட்டாள்.

"என்னோடதுதான்."

இப்போது உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் திட்டமே அந்தப் பலகைதான். விடிவதற்கு முன்னால், பிளாஸ்கில் வெந்நீர் பிடிக்கிற சாக்கில் நான் மட்டும் போவேன். சிவப்பு ஊசி எங்கே என்று மனப்பாடம் செய்வேன். பிறகு காரை நேராக அங்கே விட்டு, ஜன்னலைத் திறந்து மூக்கை உறிஞ்சுவேன். குடும்பம் மூக்கில் விரல் வைக்கும்.

முதல் நாள் காலை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. மோப்பானி மரங்களுக்கு நடுவே மோப்பம் பிடித்தபடி இருபது மைல் போனேன். "இதோ, வாடை வருது" என்று வளைவில் திருப்பினேன். அங்கே பதினோரு கார்கள் நின்றுகொண்டிருந்தன. ஒரு புதருக்குப் பின்னால் வால் மாதிரி ஏதோ ஆடியது.

"பதினோரு பேருக்கு மூக்கு உங்க மூக்கைவிட நல்லா இருக்கு" என்றாள் ஹுனாடி.

"வால் என் கண்ணுலதான் முதல்ல பட்டுச்சு."

"அது புல்லுங்க." அவள் டீ போடுவதற்காகப் பிளாஸ்கைத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. "வெந்நீர் பிடிக்க அரை மணி நேரம் போனீங்க. தண்ணி எங்க?"

"ஆவியாப் போயிருக்கும்."

"மூடியைத் திறக்காமலா?"

நான் கியரை மாற்றினேன். அவள் பேச்சை மாற்றினாள். அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் விடியற்காலை மறுபடியும் பிளாஸ்கோடு பலகைக்குப் போனேன். எல்லாச் சிவப்பு ஊசிகளும் பெரிய ரோட்டின் மேல் கொத்தாக நின்றன. அங்கே போனால் பதினோரு கார் இருக்காது, இருபத்தொன்று இருக்கும். அப்போதுதான் பார்த்தேன். ஆற்று வளைவில், அந்த முட்டுச் சந்தின் நுனியில், தனியாக ஒரே ஒரு சிவப்புக் குண்டூசி. எனக்கென்றே குத்தி வைத்த மாதிரி இருந்தது.

வாசல் திறந்ததும் கிளம்பினோம். ஆற்றுக்குப் பிரியும் மண்பாதை வந்ததும் காரை மெதுவாக்கி மூக்கை வெளியே நீட்டினேன்.

"ஹுனாடி, நீ அந்த வளைவுக்குப் போகணும்னு சொன்னேல்ல?"

"சொன்னேன். நீங்கதான் நேரம் வீணுன்னீங்க."

"யோசிச்சுப் பார்த்தேன். பாவம், நீ ஆசைப்பட்டே. அதோட, அந்தப் பக்கத்திலேர்ந்து லேசா ஒரு வாடையும் வருது."

"அப்படியா? நீங்க சொன்னாச் சரிதாங்க."

என் மனைவி அவ்வளவு சுலபமாக எதற்கும் ஒத்துக்கொண்டவள் இல்லை. அன்று அவள் தலையணை இரண்டு, பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டர், ஒரு கூடை நிறைய வேகவைத்த முட்டை, பொரித்த மாவு உருண்டை, மாங்காய் ஊறுகாய், வீட்டில் செய்த இஞ்சிப் பானம் எல்லாம் எடுத்து வந்திருந்ததையும் நான் பார்த்தேன். பார்த்தேனே தவிர ஏன் என்று கேட்கவில்லை.

வளைவில் ஒரு ஈ காக்காய் இல்லை. இன்ஜினை அணைத்தேன்.

"யாரும் பேசக் கூடாது" என்றேன். "இங்கதான் வரும்."

முதல் ஒரு மணி நேரம் வேட்டைக்காரன் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது மணியில் முதுகு வலித்ததால் சாய்ந்துகொண்டேன். ஆறு வற்றித் திட்டுத் திட்டாக மணல் தெரிந்தது. நீர்யானைகள் மூக்கை மட்டும் வெளியே நீட்டிப் புஸ்ஸென்று மூச்சு விட்டன. எங்கோ ஒரு மீன்கழுகு கத்தியது. மப்புலா நீர்யானைகளுக்கு எங்கள் சொந்தக்காரர்களின் பெயர்களாக வைத்துக்கொண்டே போனாள். வீட்டில் ஒருத்தி தலைமயிரை ஒருத்தி பிடிக்கிற பெண்கள், ஒரே தலையணையில் தலை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஹுனாடி முட்டையை உரித்து, உப்புத் தொட்டு, ஒவ்வொருவர் கையிலும் வைத்தாள்.

"எழுபத்தொன்பதுல இதே இடம்தான்" என்றேன், பேசக் கூடாது என்ற விதி போட்டவனே.

"அந்த மரத்தடியில நிறுத்தினோம். இப்ப அந்த மரம் இல்லை."

"உன்கிட்ட ஒரு மஞ்சள் தாவணி மாதிரி துணி இருந்துச்சே. தலையில கட்டிக்கிட்டு."

"ஞாபகம் இருக்கா?" அவள் பின்னுவதை நிறுத்தினாள். "அன்னிக்கு என்ன பேசினோம்னு ஞாபகம் இருக்கா?"

யோசித்தேன். "ஒண்ணும் பேசலை."

"ஆமா. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் பேசலை. இவரோட குப்பை கொட்டிடலாம்னு அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன்."

கல்யாணம் ஆகி மூன்று வாரம் கழித்து எடுத்த முடிவா என்று கேட்க நினைத்தேன். வெயில் இதமாக இருந்தது. அவள் தோள் என் தோளில் பட்டது. இரண்டு மணிக்கு மேல், காட்டின் ஓசைகளை நன்றாகக் கவனிப்பதற்காகக் கொஞ்ச நேரம் கண்ணை மூடினேன்.

கண்ணைத் திறந்தபோது மூன்றே முக்கால். மூவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். மப்புலா இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள்.

"ஏதாவது வந்துச்சா?"

"நீர்யானை வந்துச்சுங்க" என்றாள் ஹுனாடி. "கிளம்பலாம். வாசல் மூடிடுவாங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் பெண்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். நானும் பாடினேன். முகாமுக்குள் நுழைந்த பிறகுதான் கோபம் வந்தது. சிங்கமே வராத இடத்தில் எவன் ஊசி குத்தினான்? பெண்கள் அடுப்பு மூட்டப் போனதும் நேராகப் பலகைக்குப் போனேன். ஆற்று வளைவில் ஊசியைக் காணோம். வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"அந்தச் சிவப்பு ஊசியா சார்? காலையில நீங்க பார்த்துட்டுப் போனதும் எடுத்துட்டேன். உங்க வீட்டம்மா அப்படித்தான் சொல்லிவச்சாங்க."

"எந்த வீட்டம்மா?"

"நேத்து சாயங்காலம் அதைக் குத்தினவங்கதான். 'விடியறதுக்கு முன்னால ஒருத்தர் கையில பிளாஸ்கோட வருவார். அவர் பார்த்துட்டுப் போற வரைக்கும் இருக்கட்டும்'னு சொன்னாங்க. நல்ல மனுஷி சார்."

நெருப்புக்குப் பக்கத்தில் ஹுனாடி களி கிண்டிக்கொண்டிருந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எதிரே நின்றேன்.

"பலகையில பொய்யா ஊசி குத்தலாமா நீ?"

"எந்தப் பலகை?"

"வெளியில இருக்கே, அந்தப் பலகை. ஆத்து வளைவுல சிவப்பு ஊசி."

அவள் கரண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். பெண்கள் இருவரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"நம்ம வீட்டுல யாரும் பார்க்கக் கூடாத பலகையாச்சே" என்றாள். "அதுல எங்க எந்த ஊசி இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

வாயைத் திறந்தேன். மப்புலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன். தட்டில் களி விழுந்தது. கறிக்கு உப்பு போதவில்லை என்று சொல்ல நினைத்து, அதையும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை போய்விட்டோம். மூன்று சிங்கங்களை நானாகவே முதலில் பார்த்திருக்கிறேன், சாட்சி உண்டு. ஆனால் ராத்திரி தூக்கம் வராமல் புரளும்போது நினைவுக்கு வருவது சிங்கம் இல்லாத அந்த மத்தியானம்தான். முட்டை, உப்பு, அவளுடைய தோள். ஏமாந்தாலும் நல்ல ஏமாற்றம் என்று என்னைத் தேற்றிக்கொண்டே இருபது வருடம் ஓட்டிவிட்டேன்.

போன வருடம்வரை.

போன வருடம் ஜோஹன்னஸ்பர்க்கில் மொலோகோ வீட்டில் குளித்துவிட்டு, துண்டு தேடி அலமாரியைத் திறந்தேன். கதவின் உட்புறம் ஒரு பெரிய புகைப்படம் ஒட்டியிருந்தது. எங்கள் பழைய கார். ஓட்டுகிற இடத்தில் தலையை ஜன்னலில் சாய்த்து, வாயைப் பிளந்துகொண்டு நான். என் தலைக்கு அந்தப் பக்கம் ஆற்று மணல். மணலில் வரிசையாகக் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டு ஐந்து சிங்கங்கள்.

ஈரத்தோடு படத்தைப் பிய்த்துக்கொண்டு வந்து கூடத்தில் நின்றேன். மூவரும் அங்கேதான் இருந்தார்கள்.

"என்ன இது?"

மொலோகோ அம்மாவைப் பார்த்தாள். மப்புலா கூரையைப் பார்த்தாள்.

"எழுப்பியிருக்கலாமே" என்றேன். "கையைத் தொட்டிருந்தாப் போதுமே."

ஹுனாடி என் கையிலிருந்து படத்தை வாங்கி, ஈரத்தைத் தன் பாவாடையில் துடைத்தாள்.

"எழுப்பத்தான் கை எடுத்தேன்" என்றாள். "ஆனா எழுப்பினா, நீங்க சிங்கத்தைப் பார்த்துடுவீங்க. பார்த்ததும் வேலை முடிஞ்சுதுன்னு வண்டியைக் கிளப்பிடுவீங்க. எனக்கு அந்த மத்தியானம் இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்துச்சுங்க."

நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் என் தலையைத் துவட்டிவிட்டாள். மெதுவாகக் கேட்டேன்.

"இந்தப் படம் வேற யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாதுப்பா" என்றாள் மப்புலா. "நம்ம சொந்தக்காரங்க, உங்க ஆபீஸ் ஆளுங்க, சர்ச்சுல உள்ளவங்க, இவங்களைத் தவிர."