கோட்டையும் கொட்டாயும் ஒரு நீலப் போர்வையும்

வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்றால் எங்கள் பக்கத்தில் ரோட்டோரக் கல்லுக்குக்கூட பெயிண்ட் அடித்துவிடுவார்கள். ஒரகடம் தொழிற்பேட்டையைச் சுற்றி வளர்ந்த பிள்ளைகளுக்கு இது அ, ஆ படிக்கும் முன்பே தெரிந்த விஷயம். காலையில் கம்பெனி பஸ்ஸில் போன அப்பா சாயங்காலம் சட்டையில் மஞ்சள் பெயிண்டோடு திரும்பினால், நாளைக்கு கஸ்டமர் வந்து தொழிற்சாலையைச் சோதிக்கும் 'ஆடிட்' என்று அர்த்தம். அந்த மாதிரி நாட்களில்தான் நான் பிராக்ரஸ் ரிப்போர்ட்டை நீட்டுவேன். என்ன மார்க் என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அப்பா பக்கத்திலுள்ள வல்லம் வடகாலில், கார்களுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசர். ஒன்றுக்கொன்று ஆகவே ஆகாத இரண்டு கார் கம்பெனிகளுக்கு அங்கிருந்து பாகங்கள் போகும். ஒரு கம்பெனியின் ஆள் ஆடிட்டுக்கு வந்தால், மற்ற கம்பெனிக்கான உற்பத்தி லைனை நீலத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். வாசலில் வந்தவர் பெயரில் வரவேற்புப் பலகை, சந்தனம், ரோஜாப்பூ. அடுத்த வாரம் அடுத்தவர் வருவார். தார்ப்பாய் இடம் மாறும், பலகை மாறும். (ரோஜாப்பூவும் மாறியது என்றுதான் நினைக்கிறேன்.)

"வர்ற கஸ்டமருக்கு, அவர வுட்டா நமக்கு வேற நாதியே இல்லன்னு தோணணும் பாப்பா. அதான் ஆடிட்டு" என்பார் அப்பா. என் வாழ்க்கையின் ஆகப் பெரிய அவமானம் இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் கிளம்பியது.

அப்போது நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் கல்லூரி. ஒருநாள் துறைத் தலைவர் மேடம் கூப்பிட்டு, பிரிட்டனில் ஒரு செமஸ்டர் படிக்க என் பெயரை அனுப்பியிருப்பதாகச் சொன்னார். எங்கள் கல்லூரியோடு ஒப்பந்தம் போட்டிருந்த பல்கலைக்கழகங்கள் இரண்டு. இரண்டு இடத்துப் பேராசிரியர்களும் என்னோடு வீடியோவில் பேசுவார்கள். முதலில் அவர்களுக்கு என்னைப் பிடிக்க வேண்டும், அதன் பிறகு நான் எந்த இடம் என்று முடிவு சொல்ல வேண்டும். (பெண் பார்க்கும் சடங்கேதான். பஜ்ஜி மட்டும் கிடையாது.) இரண்டு பேருமே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வாய்ப்பு அடுத்த மாணவருக்குப் போய்விடும்.

அதுவரை நான் போயிருந்த அதிகபட்ச தூரம் திருப்பதி. அதுவும் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு. அப்படிப்பட்டவளை பிரிட்டன் கூப்பிடுகிறது என்றதும் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

முதல் பல்கலைக்கழகத்தின் படத்தைத் திறந்தேன். கருங்கல் கோபுரம், உச்சியில் கடிகாரம், சுவரெல்லாம் கொடி, முன்னால் கண் எட்டும் தூரத்துக்குப் புல்தரை. அந்தப் புல்லை செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் கவர் இல்லை, ஒரு மாடு இல்லை. மனிதர்கள் இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகூடவா பாடம் படிப்பார்கள் என்று வாய் பிளந்து நின்றேன். இங்கே படித்தால் அரியர் என்ற சொல்லே மறந்துபோகும் என்று தோன்றியது.

இரண்டாவது பல்கலைக்கழகம் ஏதோ ஒரு தொழிற்சாலை ஊரில் இருந்தது. படத்தில் நீளமான தகரக் கூரைக் கட்டடம், வாசலில் ஒரு லாரி. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, நம்ம ஒரகடம் கொட்டாய் மாதிரியே கீது? இதுக்கு எதுக்கு பிளேன் ஏறணும்? சேகர் ஆட்டோல போனா பத்தாதா?"

சேகர் மாமா அம்மாவின் தம்பி. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒன்றுக்குக் 'கோட்டை' என்றும் இன்னொன்றுக்குக் 'கொட்டாய்' என்றும் பெயர் நிலைத்துவிட்டது. அப்பாவுக்குக் கொட்டாய்தான் பிடித்தது, அங்கே ரோபோ வைத்த லைன் இருக்கிறதாம். நான் கோட்டையைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்ப்பதாக இல்லை.

"சரி, கோட்டைக்கே போ. ஆனா ரெண்டு கஸ்டமரையும் கைல வெச்சிக்கினுதான் ஒண்ண வுடணும்" என்றார் அப்பா. அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

இரண்டு அழைப்புகளும் ஒரே நாள் மாலை. முதலில் கொட்டாய், ஒரு மணி நேரம் கழித்துக் கோட்டை. அப்பா லீவு போட்டுவிட்டு எங்கள் ஹாலை ஆடிட்டுக்குத் தயார் செய்தார். வாசலிலிருந்து என் நாற்காலி வரை தரையில் மஞ்சள் டேப் ஒட்டி 'நடைபாதை' போட்டார். டிவிக்குக் கீழே ஒரு சிவப்புக் கூடை வைத்து 'ரிஜெக்‌ஷன்' என்று எழுதி, எழுதாத பேனா, மூடி தொலைந்த டப்பா எல்லாவற்றையும் அதில் போட்டார். எல்லோரும் ஷூ போட வேண்டும் என்று உத்தரவு. அம்மா பட்டுப்புடவைக்குக் கீழே அப்பாவின் பழைய சேஃப்டி ஷூவை மாட்டிக்கொண்டு கோபத்தோடு நடமாடினாள். கேமராவில் தரையே தெரியாது என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"ஆடிட்டர் எங்க பாப்பாருன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அப்பா.

என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் இரண்டு ஃப்ளெக்ஸ் பேனர்கள். கொட்டாய்க்கானது அடக்கமாக இருந்தது, பெயரும் 'நல்வரவு' என்பதும் மட்டும். கோட்டை பேனர் சேகர் மாமாவின் கைவண்ணம். கோபுரத்துக்கு முன்னால் நான் பட்டமளிப்பு அங்கியில் கடிகார உயரத்துக்கு நிற்கிறேன், ஒரு கை வானத்தை நோக்கி. கீழே ஆங்கிலத்தில், 'எங்கள் ஒரே கனவு'. முதல் அழைப்பு முடியும்வரை இதை அம்மாவின் நீலநிற டபுள் பெட் போர்வையால் மூடித் துணி கிளிப் போட்டிருந்தது. போர்வைக்குப் பொறுப்பு மாமா. ஃபேன் போடவே கூடாது என்று அப்பா இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

சொன்ன நேரத்துக்குத் திரை வெளிச்சமானது. கொட்டாயின் பேராசிரியர் ஹெலன். நரைத்த முடி, மூக்கு நுனியில் கண்ணாடி. அவருக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரை புத்தக அலமாரி, தோல் அட்டை போட்ட தடித்தடியான புத்தகங்கள், அதன் மேல் இளவெயில். நான் பிரமித்துப்போனேன். கடல் தாண்டி, மலை தாண்டி, ஒரகடம் டிராஃபிக்கையும் தாண்டி ஒரு குரல் எங்கள் ஹாலுக்கு வந்து என் பெயரைச் சொல்லி நலமா என்று கேட்கிறது. வெளியே ஒரு கன்டெய்னர் லாரி பாட்டுப் போட்டுக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தது. நான் நலம் என்று சொல்வதற்குள் என் ஆங்கிலத்தில் பாதி அந்த லாரியோடு போய்விட்டது.

"எங்கள் பல்கலைக்கழகத்தை ஏன் நினைத்தாய்?" என்று கேட்டார் ஹெலன்.

மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். சிறு வயதிலிருந்தே உங்கள் பல்கலைக்கழகத்தைத் தவிர வேறெதையும் நான் நினைத்ததில்லை. (அதன் பெயரை நான் கேள்விப்பட்டதே போன வாரம்.) எனக்கு இருக்கும் ஒரே கனவு அதுதான். சொல்லச் சொல்ல நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணுக்குள் போனது.

சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மாவுக்குப் பிள்ளை வியர்ப்பது பொறுக்கவில்லை. பாசத்தோடு கையை நீட்டி ஃபேனை ஐந்தில் வைத்தாள்.

போர்வை முதலில் ஒருமுறை உப்பியது. ஒரு கிளிப் பறந்து என் தோளில் விழுந்தது. மாமா ஓடி வந்து தாவிப் பிடித்தார், போர்வையைப் பிடிக்கத்தான் செய்தார், ஆனால் போர்வையோடு சேர்ந்து கீழே போனார். திரையின் மூலையில் தெரிந்த என் சின்னப் படத்தைப் பார்த்தேன். அதில் இரண்டு நான் இருந்தேன். ஒருத்தி நனைந்த கோழியாக உட்கார்ந்திருந்தாள். இன்னொருத்தி அங்கி போட்டு வேறொரு பல்கலைக்கழகத்தின் முன்னால் கை தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தரையில் ஒரு நீல மூட்டை முனகியது.

ஹெலன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பேனரை முழுக்கப் படித்தார்.

"அது நீதானே?" என்றார்.

இரட்டைப் பிறவி என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கோட்டையும் போச்சு, கொட்டாயும் போச்சு என்று மனசுக்குள் யாரோ சங்கு ஊதினார்கள். அப்போதுதான் அப்பா, கம்பெனி யூனிஃபாரமும் கழுத்தில் ஐடி கார்டுமாக, மஞ்சள் டேப்புக்குள்ளேயே நடந்து கேமராவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"மேடம், ஸ்மால் டிஃபெக்ட். இம்மீடியட் ஒய்-ஒய் அனாலிசிஸ், மேடம்."

இதைச் சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலையில் ஒரு பாகம் பழுதாகிவிட்டால், ஏன், அது ஏன், அதுவும் ஏன் என்று மூலகாரணம் அகப்படும்வரை கேட்டுக்கொண்டே போவார்கள். ஆடிட்டர் முன்னால் தப்பு நடந்தால் அவர் முன்னாலேயே அதைச் செய்துகாட்ட வேண்டும் என்பது அப்பாவின் மதம்.

"ஒய் க்ளாத் ஃபால்? ஃபேன் ஆன், மேடம். ஒய் ஃபேன் ஆன்? டாட்டர் ஸ்வெட்டிங். ஒய் டாட்டர் ஸ்வெட்டிங்?"

இந்தக் கேள்வியை மட்டும் அப்பா என் பக்கம் திருப்பினார். என்னைப் பார்த்தார்.

"பொய் சொன்னேன் இல்லப்பா, அதான்" என்று முணுமுணுத்தேன்.

வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் அங்கே நிறுத்தியிருப்பார். என் அப்பா திரும்பி, "பிகாஸ் லை, மேடம்" என்றார். "ஒய் லை?"

சேஃப்டி ஷூ தடதடக்க அம்மா வந்தாள். "ஒய்யாம் ஒய்யி! நீங்க சொல்லிக் குடுத்தீங்க, அது சொல்லிச்சு! அதையும் எழுதிக்கோங்க!"

"உன் அம்மா என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் ஹெலன். நான் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். அன்றைக்கு ஹெலனிடம் நான் சொன்ன முதல் உண்மை அது.

அப்பா ஐடி கார்டை நேராக்கிக்கொண்டார். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு, "ரூட் காஸ், ஃபாதர், மேடம்" என்றார். அப்பா வேலைக்குப் போவதைத்தான் அதுவரை பார்த்திருக்கிறேன், வேலை செய்வதை அன்றுதான் பார்த்தேன். என் வாழ்க்கையே கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்த அந்த நேரத்திலும் எனக்கு அவரைப் பார்க்கப் பிரமிப்பாக இருந்தது. அந்தக் கோபுரத்தைப் பார்த்தபோதுகூட அவ்வளவு இல்லை.

ஹெலன் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "ஒரு நிமிடம்" என்று சொல்லி எதையோ அழுத்தினார். தோல் அட்டைப் புத்தகங்கள், அலமாரி, இளவெயில் எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போயின. அங்கே ஒரு சின்ன அறை இருந்தது. கம்பிக்கொடி நிறையக் காலுறைகளும் ஸ்வெட்டரும் தொங்கின. இஸ்திரி மேசையில் ஒரு பூனை படுத்திருந்தது. ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

"இது என்னுடைய போர்வை" என்றார் ஹெலன்.

நாங்கள் நான்கு பேரும் (மாமா போர்வையிலிருந்து தலையை மட்டும் நீட்டியிருந்தார்) அந்தத் துணிக்கொடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிரிட்டனிலும் துணி காயவில்லை! அவர் பேராசிரியர் ஆவதற்கு முன்னால் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாராம். கஸ்டமர் வந்தால் அங்கேயும் மற்றவர் வேலையை மூடி வைப்பார்களாம். "எங்கள் தார்ப்பாய் பச்சை" என்றார். இதை மொழிபெயர்த்ததும் அப்பாவின் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கவே மாட்டேன்.

"இப்போது சொல். உண்மையில் உனக்கு என்ன படிக்க வேண்டும்?"

இதற்கு நான் எதையும் மனப்பாடம் செய்திருக்கவில்லை. அச்சிலிருந்து வரும் பிளாஸ்டிக் பாகம் ஆறும்போது ஏன் கோணிக்கொள்கிறது என்று தெரிய வேண்டும் என்றேன். அப்பா தினமும் தட்டில் கை வைத்ததும் அதைப் பற்றித்தான் புலம்புவார், அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தக் கவலை ஒட்டிக்கொண்டது என்றேன். பாதி ஆங்கிலம், மீதி கை. ஹெலன் அதன் பிறகு சிரிக்கவில்லை. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். எனக்கு வியர்ப்பது எப்போது நின்றதென்று தெரியவில்லை.

அடுத்து கோட்டை வந்தது. போர்வையை மறுபடி மாட்ட அம்மா சம்மதிக்கவில்லை. அந்தப் பேராசிரியர் தங்கமான மனிதர், பக்கத்திலிருந்த கொட்டாய் பேனரைக் கண்டுகொள்ளாமல் என் பேனரைப் பார்த்து மனம் நெகிழ்ந்துபோனார். இந்தக் கோபுரத்தில் எங்கள் வகுப்பு எந்த மாடியில் நடக்கும் என்று நான் கேட்டேன். அவர் சங்கடத்தோடு, அது கட்டணம் கட்டும் அலுவலகம், வகுப்பறைகள் ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்தில் இருக்கின்றன என்றார். கிட்டத்தட்டத் தகரக் கூரைதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இரண்டு பேருக்கும் என்னைப் பிடித்திருந்தது. நான் கொட்டாயைச் சொன்னேன். அம்மாவுக்கு மட்டும் கொஞ்ச நாள் வருத்தம், கோட்டையிலிருந்து வந்த சம்பந்தத்தைத் தட்டிக்கழித்த மாதிரி.

கொட்டாய்க்குப் போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம் எனக்கு நல்ல காய்ச்சல். மழை விடவில்லை, பேச ஆளில்லை, அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து வீடியோ அழைப்பு. எனக்குப் பின்னால் அந்தக் கோட்டைப் படத்தையே பின்னணியாக வைத்துக்கொண்டு, குரலைச் சரிசெய்துகொண்டு எடுத்தேன். "சூப்பரா இருக்கேன்ப்பா. சாப்பாடெல்லாம் சூப்பர்."

அப்பா முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, போர்வைய எடு."

எடுத்தேன். கழுவாத தட்டும் மாத்திரை அட்டையும் ஹீட்டரில் தொங்கிய காலுறையும் என் முகமும் தெரிந்தன. அம்மா எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "ஏண்டி, அந்த ஊர்ல துணியே காயாதா?" என்றாள். நான் ஓவென்று அழுதேன், நடுவில் சிரித்தும் தொலைத்தேன். அன்றைக்கு நான் கஞ்சி வைத்துக் குடித்து முடிக்கும்வரை மூன்று பேரும் போனை வைக்கவே இல்லை.

இப்போது நான் ஒரகடத்திலேயே ஒரு கம்பெனியில் இன்ஜினியர். கோணாத பாகம் செய்வது எப்படி என்று ஓரளவு தெரியும். எங்கள் வீட்டில் யாராவது எதையாவது மறைத்தால் இன்றைக்கும், "போர்வைய எடு" என்ற ஒரே வார்த்தைதான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் சேகர் மாமா எழுந்து நின்று, "எங்க வூட்ல போர்வை கெடையாதுங்க, இன்னா கேக்கணுமோ கேளுங்க" என்று சொல்ல, அவர்கள் குளிர்காலத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கவலையோடு விசாரித்தார்கள். அந்தச் சம்பந்தம் அமைந்துவிட்டது.

நீலப் போர்வை இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, டிவிக்குக் கீழே சிவப்புக் கூடையில், மடித்து. போன வாரம் குளிருக்கு எடுத்துப் போர்த்திக்கொள்ளப் போனேன். அப்பா விடவில்லை. ஆடிட்டில் ரிஜெக்ட் ஆனதைத் திரும்ப உபயோகிக்கக் கூடாதாம்.