தினமும் தண்ணி, அதுவும் ராவாக

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். என் கண்ணுக்கு சஃபாரி சூட் போட்டவரெல்லாம் இன்ஸ்பெக்டர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவனுக்கு இந்த வியாதி கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். படித்தவர் யாராவது எதிரே வந்தால், நான் என்ன தப்பு செய்தேன் என்று அவர் கேட்பதற்கு முன்பே யோசித்து வைத்துக்கொள்வேன்.

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பேட்டரி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். பெரிதாக நினைக்க வேண்டாம். கட்டிலுக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்கு இரும்புச் சாமான் ஏற்றிப் போகும். டீசல் கிடையாது, புகை கிடையாது, சத்தமும் கிடையாது. அந்தச் சத்தம் முழுக்க என் நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. காரணம், சேர்ந்த அன்றே போர்மேன் சொன்ன ஒரு வார்த்தை:

"ஏழுமலை, இந்த பேட்டரி வெலையில உங்க வடக்குப்பட்டுல ஒரு வூடு கட்டலாம். ஆயுசு முடியறதுக்குள்ள இது பூட்ச்சுன்னா, உன் வேலையும் பூட்ச்சு."

அன்றிலிருந்து அந்த பேட்டரிக்கு நான் ஜாதகம் பார்க்காததுதான் குறை. வண்டி காலியாக இருந்தால் ஓட்டமாட்டேன், இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன் (சார்ஜ் மிச்சம்!). ஹாரன் அடிக்காமல் வாயாலேயே "ஓரம், ஓரம்" என்று கத்துவேன். பேட்டரிக்கு வாரம் ஒரு தரம் டிஸ்டில்ட் வாட்டர் பார்த்து ஊற்றினால் போதும். நான் தினமும் ஒவ்வொரு மூடியாகத் திறந்து எட்டிப் பார்ப்பேன். ஆசிட் நெடியில் கண் எப்போதும் கோவைப்பழம், சட்டையெல்லாம் பொத்தல்.

"இன்னா ஏழுமல, கொழந்தைக்குப் பால் குட்த்துட்டியா?" என்பார் வாட்ச்மேன் தாஸ்.

இந்தச் சமயத்தில்தான் என் தாய்மாமன் மணிமங்கலத்தில் எனக்குப் பெண் பார்த்தார். போட்டோவில் வசந்தாவைப் பார்த்த நிமிடமே, இவள் கிடைக்காமல் போய்விட்டால் என்ற அடுத்த கவலையும் வந்து சேர்ந்தது. பெண்ணின் அப்பா போட்டது ஒரே ஒரு நிபந்தனை. மூத்த மாப்பிள்ளை குடியை மறைத்துக் கல்யாணம் செய்துகொண்டவர்; அதில் இவர் அடிபட்டிருந்தார். இளையவளைக் குடிக்கிறவனுக்குத் தரவே மாட்டேன் என்றிருந்தார். மாமன் சிரித்தாராம்: "எங்க பையன் சோடா குடிச்சாலே ஏப்பத்துக்குப் பயப்படுவான்."

அதே வாரம் போர்மேன் ஒரு குண்டு போட்டார். "பேட்டரி கம்பெனி ஆளு வந்து உன்ன விசாரிப்பாரு. மொதல்ல தண்ணியப் பத்திதான் கேப்பாரு. ஒளறாம உள்ளத உள்ளபடி சொல்லு."

சொன்னேன்.

மறுநாள் தாஸ் குரல் கொடுத்தார்: "ஏழுமல! உன்ன விசாரிக்க யாரோ வந்துகீறார்பா!" கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் சஃபாரி சூட், கையில் ஒரு பை. பேட்டரி கம்பெனி ஆள்தான் என்று ஓடிப்போய் எதிரே நின்றேன். அவர் என் கண்ணையும் சட்டைப் பொத்தலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒளிவுமறைவு வேணாம்பா. தண்ணி உண்டா?"

"உண்டு சார்!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவர் முகம் வெளுத்தது. "எப்பவாச்சுமா?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? தெனம் சார். காலைல வந்ததும் அதான் மொத வேல."

"காலைலயேவா! நல்ல சரக்கா, இல்ல..." என்று இழுத்தார்.

கலப்படத்தைக் கேட்கிறார் என்று நினைத்துப் பதறினேன். "அய்யய்யோ, சீல் ஒடைக்காத கேன் சார்! கம்பெனியே வாங்கித் தருது. கொழாத் தண்ணி ஒரு சொட்டு சேக்கமாட்டேன். ராவாத்தான்."

அவர் மரத்தைப் பிடித்துக்கொண்டார். "கேனா... கொறைச்சுக்கக் கூடாதாப்பா?"

"கொறஞ்சா உசுரு பூடும் சார்."

"ஜாஸ்தியானா?"

"பொங்கி வெளிய வந்துரும். அப்பறம் அந்த எடத்தையே கழுவி வுடணும்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கா கடவுளுக்கா என்று தெரியவில்லை. நான் போர்மேனிடம் ஓடி, "எல்லாத்துக்கும் டாண்டாண்ணு சொல்லிட்டேன் சார். மனுசன் வாயத் தொறக்காம பூட்டாரு" என்றேன்.

"யாருகிட்ட? அந்தாளு அடுத்த வாரந்தான்னு இப்பத்தான்யா போன் வந்துச்சு!"

யாரிடம் என்பது சாயங்காலம் மாமன் வந்து கத்தியபோதுதான் தெரிந்தது. "ஏண்டா, காலைலயே கேன் கேனா அடிக்கிறியாமே! பொண்ணோட அப்பங்கிட்டயே சொல்லுவியா?"

விடிந்ததும் மாமனோடு மணிமங்கலத்துக்கு ஓடினேன், சாட்சிக்கு டிஸ்டில்ட் வாட்டர் கேனையும் தூக்கிக்கொண்டு. (அதைத்தான் செய்திருக்கக் கூடாது. தெருவே வேடிக்கை பார்த்தது.) நான் செல், சார்ஜ், ஆசிட் என்று விளக்க விளக்க, பெண்ணின் அப்பா மாமனிடம் சொன்னார்: "இன்னும் தெளியல பாருங்க."

உண்மை இங்கே வேலைக்காகாது என்று மாமனுக்குப் புரிந்துவிட்டது. "கால்கட்டு போட்டா வுட்டுருவான் சம்பந்தி. நான் கேரண்டி" என்று என்னைக் குடிகாரனாகவே விற்கத் தொடங்கினார்.

உள்ளேயிருந்து வசந்தா வந்தாள். கேன் மூடியைத் திருகி மோந்து பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு அப்பாவிடம், "அக்கா வூட்டுக்காரர் மறைச்சாரு. இவரு கேட்டதும் உள்ளத சொன்னாரு இல்ல? நான் திருத்திக்கிறேம்பா" என்றாள்.

கல்யாணம் நடந்தது. பேட்டரியும் சொன்ன ஆயுசைத் தாண்டி ஓடியது. அதற்கு யாரும் எனக்கு மாலை போடவில்லை. மாலையெல்லாம் வசந்தாவுக்குத்தான். "ஒரே வாரத்துல நிறுத்திட்டா எம் பொண்ணு!" என்று மாமனார் ஊரெல்லாம் சொன்னார். யார் வீட்டில் குடித் தகராறு என்றாலும் பெண்கள் யோசனை கேட்டு அவளிடம் வருவார்கள். ஒரு தரம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "சும்மா கெட. இந்த ஊர்ல எனக்குக் கீற பேரே அதான்" என்றாள்.

போன மாதம் ஒரு காதுகுத்து. ஒரு பெண் தன் புருஷனை இழுத்துவந்து என் எதிரே உட்காரவைத்து, "அண்ணா, நீங்க எப்டி வுட்டீங்கன்னு இவருக்குச் சொல்லுங்க" என்றாள். பக்கத்தில் வசந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மொதல்ல கேன்லேர்ந்து பாட்டிலுக்கு வந்தேன் தம்பி..."