கையாட்டி வாட்ச்காரர்

தங்க வயலில் தங்கம்கூடத் தீர்ந்துபோனது. கையாட்டி காட்டிய டாட்டா மட்டும் தீரவே இல்லை.

ராபர்ட்சன்பேட்டையில் பஸ் திரும்பும் முனையில் அவருடைய வாட்ச் கடை. போகிற பஸ், வருகிற ஆட்டோ, குறுக்கே வரும் எருமை, எல்லாவற்றுக்கும் கையாட்டுவார். ஒரு தேர்தலில் மூன்று கட்சி வேட்பாளர்களும் அவர் ஓட்டு தனக்கே என்று நம்பிப் பூரித்தார்கள். ஒருநாள் சவ ஊர்வலத்துக்கும் ஆட்டிவிட, செத்தவரின் மச்சான் பாடையை விட்டுவிட்டுச் சண்டைக்கு வந்தார்.

"இன்னாயா நக்கலா?"

"போறவருக்குக் காட்டாத டாட்டாவ வேற யாருக்கு நைனா காட்றது?"

மச்சான் யோசித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்த் தோள் கொடுத்தார்.

பழைய கை வாட்ச் என்றால் கையாட்டிக்கு உயிர். பென்ஷன்காரர் வீட்டு அலமாரியில் செத்துக் கிடப்பதையெல்லாம் மலிவாக வாங்கி வருவார். ஒன்றின் டயல், இன்னொன்றின் முள், மூன்றாவதன் ஸ்பிரிங். "மூணு பொணம், ஒரு உசுரு" என்பார். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வாட்ச்தான். வெறுங்கையோடு அவரைப் பார்த்தவர் கிடையாது.

என் அப்பா தங்கச் சுரங்கத்தில் கூரை சரியாமல் மரம் முட்டுக்கொடுத்தவர். அவர் போன பிறகு அவருடைய ஆட்டோமேட்டிக் வாட்ச் என் கைக்கு வந்தது. அப்பாவின் பொருளில் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். என் கைக்கு வந்த மூன்றாம் நாள் நின்றது. கையாட்டியிடம் கொடுத்தேன். அவர் கையில் ஒரு வாரம் ஜோராக ஓடியது. நான் கட்டினேன், நின்றது. இப்படி மூன்று தடவை.

நான்காவது தடவை அவர் வாட்ச்சைத் தொடவில்லை. லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"ரிப்பேரு இதுலதான் தம்பி."

"கையிலயா?"

"இது சாவி குடுக்காத வாட்ச்சு. கை ஆடுனாதான் உள்ள சாவி ஏறும். உங்க நைனா கை ஒருநாளு சும்மா இருந்திச்சா? நீ ஆபீஸ்ல நாள்பூரா குந்திகினு கீற. அதுவும் குந்திக்கிச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்போ நீங்க ஆட்றது?"

"பின்ன? கைல இத்தினி கீதே, எல்லாத்துக்கும் சாவி ஏறணும்ல?"

"பத்து வருசமா டெய்லி எனக்கு டாட்டா காட்டுனீங்களே அண்ணே!"

"நீ குறுக்க வந்தா நான் இன்னா பண்றது?"

பெங்களூர் ஆபீஸுக்கு ரயிலைப் பிடிக்க ஓடும் காலைகளில் எல்லாம், என்னை வழியனுப்பவும் ஊரில் ஒரு ஆள் இருக்கிறார் என்று நெஞ்சை நிமிர்த்திப் போனவன் நான். எருமையும் நானும் ஒரே கணக்கு என்று அன்று தெரிந்தது. ரோஷம்தான். ஆனாலும் அப்பாவின் வாட்ச் நிற்கக் கூடாதே என்று நானும் கையை ஆட்டப் பழகினேன். வாட்ச் ஓடியது.

பிறகு பெங்களூருக்கே குடிபோனோம். சாமான் ஏற்றிய டெம்போ அந்த முனையில் திரும்பியபோது கையாட்டி தெருவுக்கே இறங்கி வந்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். பழக்கதோஷத்தில் வாட்ச்சை எண்ணப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்.

கையாட்டி போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. தினமும் காலையில் ஆறாவது மாடி பால்கனியில் நின்று, கிழக்கே தங்க வயல் பக்கம் பார்த்துக் கையாட்டுகிறேன். வாட்ச்சுக்குச் சாவி ஏறத்தான் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

நேற்று என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"இன்னாங்க, வாட்ச்சு இங்க மேசை மேல கெடக்குது!"